பேரேட்டில் ஒரு வரி

தேர்தல் தேதி அறிவிப்பானதும் தென்காசி மாவட்டத்துப் போலீஸ் ஸ்டேஷன்களுக்குத் துணி சுற்றிய துப்பாக்கிகள் வந்து சேரத் தொடங்கும். கடையம், ஆழ்வார்குறிச்சி, வடகரை, புளியரை என்று மலையடிவாரத்து ஊர்களில் காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் பயந்து பயிர் காக்க லைசென்ஸ் வாங்கியவர்கள் உண்டு. பெரும்பாலும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. சில வீடுகளில் பாட்டன் காலத்து இரட்டைக்குழல். ஸ்டேஷன் ரைட்டர் லைசென்ஸ் புத்தகத்தை வாங்கிப் பார்ப்பார். துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, பொறித்திருக்கும் எண்ணைத் தேடுவார். அதைப் பதிவேட்டில் எழுதி ரசீது கொடுப்பார். இந்தத் துப்பாக்கி எந்த ஜமீன்தார் கையில் இருந்தது, எத்தனை புலி இதற்கு விழுந்தது என்ற பேச்சு எதுவும் பதிவேட்டில் ஏறாது. எண் மட்டும் ஏறும்.

பழைய துப்பாக்கிகளின் வரலாற்றைத் தேடுகிற ஆய்வாளர்கள் செய்வதும் ஏறக்குறைய இதையேதான். தென்காசிச் சீமையில் துப்பாக்கிக் கதைகளுக்குக் குறைவில்லை. நெற்கட்டும்செவல் புலித்தேவரின் படையில் இருந்தது என்று ஒரு வீட்டில் சொல்வார்கள். சீசனுக்குக் குற்றாலம் வந்த துரை, வேட்டைக்கு வழிகாட்டிய பாட்டனாருக்குப் பரிசாகக் கொடுத்தது என்று இன்னொரு வீட்டில் சொல்வார்கள். வாஞ்சிநாதனோடு தொடர்புள்ளது என்று சொல்லப்படுவதற்கோ தனி மதிப்பு. சொல்கிறவர்கள் பொய் சொல்வதாகக் கொள்ள வேண்டியதில்லை. மூன்று தலைமுறை வாய்மாறி வந்த செய்தியில் ஆண்டு நழுவும், பெயர் மாறும். இரும்பில் பொறித்த எண் அப்படி மாறாது. அந்த எண்ணுக்கு எதிரே, அது செய்யப்பட்ட பட்டறையின் பேரேட்டில் ஒரு வரி இருக்கலாம்.

இங்கிலாந்தின் பெரிய துப்பாக்கிப் பட்டறைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பேரேடுகளை ஒழுங்காக வைத்திருந்தன. எண், குழலின் விட்டம், முடித்த நாள், வாங்கியவர் அல்லது ஏற்றுமதியான கடை என்று ஒரு வரியில் ஒரு துப்பாக்கியின் பிறப்புச் சான்று அடங்கிவிடும். அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனியின் பழைய பதிவேடுகள் இன்று வயோமிங் மாநிலம் கோடி நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கோல்ட் கம்பெனிக்குத் தனி ஆவணப் பிரிவு உண்டு. எண்ணை எழுதிக் கட்டணம் செலுத்தினால், அந்தத் துப்பாக்கி என்று, எந்த உருவத்தில், எந்தக் கடைக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் வரும். சேகரிப்பாளர்கள் பொன்போலப் பாதுகாப்பது அந்தக் கடிதத்தைத்தான். 2021இல் அமெரிக்காவில் ஒரு பழைய கோல்ட் ரிவால்வர் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. ‘பில்லி த கிட்’ என்ற கொள்ளையனை 1881இல் பாட் காரெட் சுட்ட ஆயுதம் அது. காரெட்டின் மனைவி 1930களில் அதை மீட்க வழக்காடியிருந்தார். அந்த வழக்கின் காகிதங்கள் இல்லையென்றால் இந்த விலை கிடைத்திருக்காது.

பேரேடு என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவிலிருந்தே தெளிவான உதாரணம் ஜிம் கார்பெட்டின் துப்பாக்கி. குமாவுன் மலையில் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907இல் கார்பெட் சுட்டார். அதற்காக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹியூவெட் அவருக்கு ஒரு .275 ரிக்பி ரைஃபிளைப் பரிசளித்தார். பரிசின் காரணத்தைச் சொல்லும் சிறு வெள்ளித் தகடு கட்டையில் பதிக்கப்பட்டிருக்கிறது. தகடு மட்டும் இருந்தால் போதாது. தகட்டை எவரும் எந்தக் கட்டையிலும் பதித்துவிடலாம். லண்டன் ரிக்பி கம்பெனியின் பேரேடு இங்கே துணைக்கு வருகிறது. 1905இல் செய்து, கல்கத்தாவின் மான்டன் கடைக்கு அனுப்பப்பட்ட ரைஃபிள் அது. பரிசு 1907ஆம் ஆண்டுச் செயலுக்கு, துப்பாக்கி 1905ஆம் ஆண்டுச் சரக்கு. முதல் பார்வையில் முரணாகத் தோன்றும் இந்த இடைவெளிதான் கதையை நம்பவைக்கிறது. பரிசு கொடுக்க நினைத்த கவர்னர் லண்டனுக்கு எழுதிக் காத்திருக்கவில்லை. நாட்டுக்குள் இருந்த கடைச்சரக்கு போதுமானதாக இருந்தது. 1955இல் கென்யாவில் கார்பெட் இறந்த பிறகு ரைஃபிள் அவருடைய பதிப்பாளரான ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்திடம் இருந்தது. 2015இல் ரிக்பி கம்பெனியே அதை வாங்கிக்கொண்டது. பேரேடு, தகடு, நூலாசிரியரின் எழுத்து, பதிப்பகத்தின் காவல் ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

சென்னை மாகாணத்தில் இந்தப் பாதை கொஞ்சம் சுற்று. மவுன்ட் ரோடு பி. ஆர் அண்டு சன்ஸ் என்றால் இன்று கடிகாரம்தான் நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் அவர்கள் துப்பாக்கியும் விற்றார்கள். ஓக்ஸ் கம்பெனியும் விற்றது. இந்தக் கடைகளின் பெயர் குழலின் மேலேயே அழகாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்துச் சென்னையில் செய்தது என்று நம்புகிறவர்கள் பலர். கடை விற்றது, செய்தது பெரும்பாலும் பர்மிங்காமில் ஒரு பட்டறை. குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தால் சோதனை முத்திரைகள் தெரியும். அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் வெடிக்காது என்று உறுதி செய்த அடையாளம் அது. லண்டனில் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு 1637இல் பட்டயம் கிடைத்தது. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813இல் வந்தது. பெல்ஜியத்தின் லீயேஜ் நகரத்து முத்திரையில் ஒரு நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். 1893 முதல் மேலே ஒரு கிரீடமும் சேர்ந்தது. ஆங்கிலப் பெயரைப் பொறித்துக்கொண்ட துப்பாக்கியின் வயிற்றில் லீயேஜ் முத்திரை இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று அதற்குமேல் கேட்க வேண்டியதில்லை.

இந்த லீயேஜ்தான் செங்கோட்டையோடு வந்து இணைகிறது.

1911 ஜூன் 17, சனிக்கிழமை காலை. மணியாச்சி ஜங்ஷனில் நின்ற ரயிலின் முதல்வகுப்புப் பெட்டியில், திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ் மனைவியோடு கொடைக்கானலுக்குப் போகக் காத்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். பின்பு நடைமேடையின் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையே சுட்டுக்கொண்டார். அவர் திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்தவர். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது; 1956இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அவருடைய சட்டைப்பையில் இருந்த கடிதத்தைத் தமிழ்நாடு அறியும். அவர் கையில் இருந்த ஆயுதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. சிலர் அதை ரிவால்வர் என்று எழுதுகிறார்கள். பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி அது. ரிவால்வருக்குச் சுழலும் தோட்டா உருளை உண்டு; இதற்குக் கிடையாது, தோட்டா பிடிக்குள் அடுக்காக இருக்கும். அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்ததை, லீயேஜுக்குப் பக்கத்து ஹெர்ஸ்டால் ஊரில் 1889இல் தொடங்கிய ‘ஃபாப்ரிக் நேஷனால்’ ஆலை செய்து விற்றது. 1900 மாடல் மட்டுமே 7 லட்சத்துக்கு மேல் விற்பனையானது. சட்டைப்பைக்குள் அடங்கும், கடத்துவதற்கு எளிது. ஐரோப்பாவின் புரட்சிக்காரர்கள் அதை விரும்பியதற்குக் காரணம் இதுவே.

அந்தக் கைத்துப்பாக்கி பாரிசில் இருந்த மேடம் காமாவின் வட்டத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்தது என்பது பரவலான கூற்று. வாஞ்சி 1911 தொடக்கத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு புதுச்சேரி சென்றார், வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகினார் என்கிறது 1918இன் ராஜத்துரோகக் கமிட்டி அறிக்கை. ஐயர் லண்டன் இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு இருந்தவர். அதே வட்டத்திலிருந்து 1909இல் 20 பிரவுனிங் கைத்துப்பாக்கிகள் இந்தியாவுக்கு வந்தன. சதுர்புஜ் அமீன் என்பவரின் பெட்டியில் போலி அடிப்பலகைக்குக் கீழே அவை மறைந்திருந்தன. அந்த 20இல் ஒன்றால்தான் 1909 டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்சன் நாடகக் கொட்டகையில் சுடப்பட்டார். இரண்டு கலெக்டர்கள், ஒன்றரை ஆண்டு இடைவெளி, பிரவுனிங் என்ற ஒரே பெயர். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட ஆசை எழுவது இயல்பு. ஆனால் ஆயுதப் பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் வழி ஒன்றாகிவிடாது. லட்சக்கணக்கில் விற்ற பொருளுக்கு அடையாளம் மாடல் பெயரில் கிடைக்காது, எண்ணில்தான் கிடைக்கும்.

ஹெர்ஸ்டால் ஆலையின் இன்னொரு சரக்கு இதைப் பளிச்சென்று காட்டுகிறது. 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு முதல் உலகப்போருக்கு வழிதிறந்த கவ்ரிலோ பிரின்சிப்பின் ஆயுதம் 1900 மாடல் பிரவுனிங் என்று பல நூல்கள் எழுதின. எண் 19074 கொண்ட அந்தத் துப்பாக்கி 2004இல் வியன்னா இராணுவ அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அது 1910 மாடல். மாடலும் வேறு, தோட்டாவின் அளவும் வேறு. உலகம் முழுக்கப் படித்த ஒரு நிகழ்ச்சியிலேயே இவ்வளவு பிழை நின்றுபிடித்தது.

கல்கத்தாவில் நடந்ததோ நேர்மாறான கதை. 1914 ஆகஸ்ட் 26 அன்று ரோடா கம்பெனிக்கு வந்திறங்கிய சரக்கிலிருந்து 50 மவுசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்காளப் புரட்சிக்காரர்கள் கடத்திக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு மவுசரின் எண்ணையும் கடை குறித்து வைத்திருந்தது. அதன்பின் வங்காளத்தில் எங்கே ஒரு மவுசர் பிடிபட்டாலும் அது ரோடா சரக்கா என்று சொல்ல முடிந்தது. 54 கொள்ளை, கொலை நிகழ்ச்சிகளில் அவை பயன்பட்டன என்றும், 31 மீட்கப்பட்டன என்றும் ராஜத்துரோகக் கமிட்டி எண்ணிச் சொன்னதற்கு அந்த ஒரு பட்டியல்தான் காரணம். அந்தப் பட்டியலை வைத்து வேட்டையாட நினைத்தது அரசு. இன்று நமக்கு அது விடுதலைப் போரின் ஒரு தடம்.

இதைவிட மனதைத் தொடுவது பகத்சிங்கின் கைத்துப்பாக்கி. 1928 டிசம்பரில் லாகூரில் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸ் சுடப்பட்ட வழக்கின் ஆவணங்களில், .32 கோல்ட் தானியங்கி, எண் 168896 என்று எழுதப்பட்டிருக்கிறது. வழக்கு முடிந்தபின் அது பில்லௌர் போலீஸ் பயிற்சிப் பள்ளிக்குப் போனது. பின்னர் மற்ற ஆயுதங்களோடு இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் பயிற்சிப் பள்ளிக்கு மாறியது. அங்கே துருப்பிடிக்காமலிருக்கக் கறுப்பு வண்ணம் பூசிக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அதன் பெருமையை எவரும் அறியவில்லை. பத்திரிகையாளர் ஜுபிந்தர்ஜித் சிங் ஆவணத்தில் இருந்த எண்ணை வைத்துக்கொண்டு தேடியபோது, வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்தார்கள். எண் வெளிப்பட்டது. இன்று அது பஞ்சாப் ஹுசைனிவாலாவில், பகத்சிங்கின் உடல் எரிந்த மண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீதிமன்ற எழுத்தர் ஒருவர் 90 ஆண்டுகளுக்கு முன் ஆறு இலக்கங்களைச் சரியாக எழுதியிருந்தார். அவ்வளவுதான் நடந்தது.

ஆஷ் வழக்கும் காகிதம் இல்லாத வழக்கில்லை. தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், நீதிபதி ஐலிங், நீதிபதி சங்கரன் நாயர் ஆகிய மூவர் அமர்வு 14 பேரைச் சென்னை உயர்நீதிமன்றத்தில் விசாரித்தது. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டு, சங்கரகிருஷ்ணனுக்கு நான்காண்டு தண்டனை. சாட்சியங்களும் சான்றுப் பொருள்களும் பதிவான வழக்கு அது. பழைய துப்பாக்கி ஒன்றைக் காட்டி இது வாஞ்சி வட்டத்துடையது என்று எவரேனும் சொன்னால், ஆய்வாளர் கேட்கவேண்டிய கேள்விகள் வரிசையாக இருக்கின்றன. ஹெர்ஸ்டால் பெயர் இருக்கிறதா? லீயேஜ் முத்திரை எந்தக் காலத்தது? 1922 முதல் லீயேஜ் சோதனைச்சாலை ஆண்டைக் குறிக்கும் எழுத்தையும் பொறித்தது. அந்த எழுத்து இருந்தால் 1911 கதை அங்கேயே முடிந்துவிடும். குழலில் ஓர் எண்ணும் சட்டத்தில் வேறோர் எண்ணும் இருந்தால் இரண்டு துப்பாக்கிகளைப் பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள். எல்லாம் பொருந்தினாலும், வழக்குக் காகிதத்தின் எண்ணோடு ஒத்துப்போகும்வரை அது ‘அந்தக் காலத்துத் துப்பாக்கி’ மட்டுமே.

பேரேடு எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆலை தன் வாசலைத் தாண்டிய சரக்கை ஒருமுறைதான் எழுதும். அதற்கப்புறம் கைமாறியதை எழுதாது. காந்தியடிகளைக் கொன்ற பெரெட்டாவின் எண் 606824 என்பது தில்லிச் செங்கோட்டையில் நடந்த விசாரணையில் பதிவானது. அது குவாலியரில் கைமாறியதைச் சாட்சிகள் சொன்னார்கள். சாட்சியும் எண்ணும் சேர்ந்தால்தான் சங்கிலி முழுமையாகும்.

எண்ணே இல்லாத காலமும் ஒன்று உண்டு. பாளையக்காரர் காலத் துப்பாக்கிகள் பெரும்பாலும் திரி பற்றவைக்கும் வகை. உள்ளூர்க் கொல்லர்கள் அடித்த குழல்களுக்குப் பேரேடும் இல்லை, எண்ணும் இல்லை. அங்கே விசைப்பொறிதான் சாட்சி. கிழக்கிந்தியக் கம்பெனியின் மஸ்கெட்டுகளில் நாலாகப் பிரித்த இதயச் சின்னம் இருக்கும். 1808 முதல் அதன் இடத்தில் எழுந்து நிற்கும் சிங்கம் வந்தது. கம்பெனிப் படைத் தளபதி யூசுப் கான் நெற்கட்டும்செவலையும் வாசுதேவநல்லூரையும் பிடித்தது 1761இல். ஆகவே சிங்கம் பொறித்த துப்பாக்கி புலித்தேவர் கையில் இருந்திருக்க வழியில்லை. திரிக்கும் சக்கிமுக்கிக்கும் பதிலாகச் செம்புத் தொப்பி மாட்டிச் சுடும் விசை இருந்தால், அது 1820களுக்குப் பிந்தியது. 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் பாளையங்களில் ஆயுதம் வைப்பதையே தடை செய்தார், கோட்டைகள் இடிக்கப்பட்டன. உண்மையான பாளையக்காரர் துப்பாக்கி ஒன்று இன்றைக்குத் தப்பியிருந்தால் அது மிக அரிது. அரிது என்பதாலேயே கடுமையாகச் சோதிக்க வேண்டும்.

குற்றாலத்தைச் சுற்றி ஆஷைப் பற்றியே ஒரு கதை உலவுகிறது. ஒடுக்கப்பட்ட மக்களை அருவியில் குளிக்க அனுமதித்து அவர் ஆணையிட்டார் என்பது அது. உணர்ச்சியோடு ஒரு தரப்பு சொல்கிறது, அதே உணர்ச்சியோடு மறுதரப்பு மறுக்கிறது. இரு தரப்பிடமும் கேட்க வேண்டியது ஒன்றே: ஆணையின் எண், நாள், கோப்பு. கலெக்டர் போட்ட உத்தரவுக்குக் காகிதம் இருந்தாக வேண்டும். துப்பாக்கிக்குக் கேட்கும் கேள்வியை மனிதருக்கும் கேட்பதில் தவறில்லை.

இதை இப்போது பேச ஒரு காரணம் இருக்கிறது. 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருந்த இடத்தில் இரண்டுதான் வைத்திருக்கலாம். மிச்சத்தை ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். மூத்தவர் இறந்ததும் லைசென்ஸைப் புதுப்பிக்க அலையமுடியாத வாரிசுகள், பாட்டன் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுக் கைகழுவுகிறார்கள். அரசிடம் சேர்ந்தவை ஒருநாள் அழிக்கப்படலாம். சட்டம் சட்டமாக நடக்கட்டும். ஒப்படைக்கும் முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு: எண்ணையும் எல்லா முத்திரைகளையும் வெளிச்சத்தில் படமெடுத்து, லைசென்ஸ் புத்தகத்தின் பழைய பக்கங்களோடு சேர்த்து வைப்பது. அந்தப் பக்கங்களில் பாட்டனாரின் பெயரும், வாங்கிய கடையும், ஆண்டும் இருக்கும். குடும்பக் கதைக்கும் ஆலைப் பேரேட்டுக்கும் நடுவில் விடுபட்ட கண்ணி பெரும்பாலும் அதுதான். மாவட்ட நிர்வாகமும் தொல்லியல் துறையும் நினைத்தால், அழிப்புக்குப் போகும் பழைய ஆயுதங்களின் எண் பட்டியல் ஒன்றைத் திருநெல்வேலி அருங்காட்சியகத்திலோ குற்றாலம் அகழ்வைப்பகத்திலோ வைக்கலாம். அதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

ஒரு வேண்டுகோள். பரணில் இருந்து இறக்கிய துப்பாக்கியை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். அடையாளக் குறியை அழிப்பது ஆயுதச் சட்டத்தின்படியே குற்றம். தேய்க்கும்போது முதலில் போவது முத்திரை, அடுத்தது எண்.